விருந்தினர் வருமுன் வரத்துக்கால்

(செட்டிநாட்டுப் பகுதியில் ஊராட்சிச் செயலர்களுக்கும் மகளிர் குழுவினருக்கும் நடைபெற்ற பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



சுற்றுலாவைப் பற்றிய தேசியக் கொள்கையை உங்களுக்கு விளக்குமாறு நம்மைப் பணித்திருக்கிறார்கள். மத்திய அரசாங்கம் இத்துறைக்கென 1982-ஆம் ஆண்டில் முதன்முறையாக ஒரு கொள்கையை வெளியிட்டது. 2002-இல் மற்றொன்று வந்தது. அதில் வரவேற்பு, தகவல், வசதி, பாதுகாப்பு, ஒத்துழைப்பு, கட்டமைப்பு, தூய்மை என ஏழு தேவைகள் வகுக்கப்பட்டன. இந்தியில் இவ்வேழு சொற்களும் ஒரே ஓசையில் தொடங்குமாறு அழகாக அமைத்திருக்கிறார்கள். தூய்மை மட்டும் கடைசி இடத்திற்குப் போய்விட்டது. ஊராட்சியில் பணி செய்வோர் அப்பட்டியலைக் கீழிருந்து மேலாகப் படிப்பதே உசிதம் என்பது நம் எண்ணம். 2022-ஆம் ஆண்டில் நீடித்து நிலைக்கும் சுற்றுலாவிற்கும், கிராமியச் சுற்றுலாவிற்கும் தனித்தனியே தேசியச் செயல்நெறிகள் வெளியாயின.

இவற்றிலெல்லாம் திரும்பத் திரும்ப வருபவை இரண்டு கருத்துகள். ஒன்று, சுற்றுலா நிலைத்து நிற்க வேண்டும். மற்றொன்று, போட்டியில் வெல்ல வேண்டும். போட்டி என்றவுடன் பக்கத்து ஊரைவிட உயரமான கட்டடமும், அகலமான சாலையும், குறைந்த வாடகையும் நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. குளிரூட்டிய அறை மதுரையிலும் உண்டு, திருச்சியிலும் உண்டு. அதற்காக ஒருவர் நம் ஊருக்கு வருவாரா? எங்கும் கிடைக்காத ஒன்று இங்கே இருப்பதனால் வருகிறார். அந்த ஒன்றைக் கெடாமல் வைத்திருப்பவனே போட்டியில் நிற்கிறான். ஆகவே இரண்டு கருத்துகளும் நம்மைப் பொறுத்தவரையில் ஒன்றேதான்.

நம்மிடம் இருப்பது என்ன? பர்மாத் தேக்கும், வளவும், முகப்பும் கொண்ட பெரிய வீடுகளை எல்லோரும் அறிவர். செட்டிநாட்டின் கிராமத் தொகுதிகள் 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் இடம்பெற்றன. ஆனால் வீட்டை மட்டும் பார்ப்பது பாதிப் பார்வை. சரிந்த ஓட்டுக் கூரையில் விழும் மழைநீர் முற்றத்தில் இறங்குகிறது. அண்டாக்களில் பிடித்தது போக எஞ்சியது வடிகால் வழியே தெருவை அடைகிறது. தெருவின் வாட்டம் அதனை ஊருணிக்குக் கொண்டு சேர்க்கிறது. மழை அரிதான இச்சீமையில் வீடும் தெருவும் ஊருணியும் ஒரே கணக்கில் அமைக்கப்பட்டவை. வீட்டின் தூணைத் துடைத்துவிட்டு வரத்துக்காலை மண்மூட விடுவோமானால், கூரையில் விழுந்த நீர் போய்ச்சேர இடமில்லை.

இதனை நாம் ஏட்டில் படித்து அறிந்ததாகச் சொல்லிக்கொள்ள இயலாது. நம் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில், சில ஆண்டுகளுக்கு முன் பொங்கலையொட்டிப் பயணிகள் திரளாக வரத் தொடங்கினர். வேன்கள் நிற்க இடமில்லை. ஊருணிக்கு வடபுறம் தாழ்வாகக் கிடந்த நிலத்தில் கிராவல் கொட்டிச் சமன் செய்யலாம் என்று யோசனை வந்தது. நாம் ஒருமுறை நேரில் சென்று பார்த்தோம். அது கோடைக்காலம், புல் முளைத்த வெறுந்தரையாகத்தான் தெரிந்தது. கிராம வரைபடத்தை விரித்துப் பார்க்கவில்லை. கையொப்பமிட்டோம். வேலை நடந்துகொண்டிருந்தபோது மூதாட்டி ஒருவர் வந்து, "ஐயா, மழைத் தண்ணி இனிமே எந்த வழியா வருமாம்?" என்று கேட்டார். குழாய் பதிப்பார்கள் என்று ஏதோ விடை சொல்லி அனுப்பினோம். குழாய் பதிக்கப்படவில்லை.

அவ்வாண்டு ஐப்பசி மழை நன்றாகவே பெய்தது. ஊருணியில் முழங்கால் அளவு நீர்கூட நிற்கவில்லை. மாசியிலிருந்து அவ்வூர்ப் பெண்கள் குடம் ஒன்றுக்கு விலை கொடுத்து லாரித் தண்ணீர் வாங்கினார்கள். பயணிகளை அழைத்து வரும் இளைஞர் ஒருவர், படித்துறையில் நின்று படம் எடுக்க நீர் இல்லையே என்று நம்மிடமே குறைபட்டார். வண்டி நிற்க இடம் இருந்தது. வந்து பார்க்க வேண்டியது வற்றிக் கிடந்தது. மகளிர் குழுவினர் கிராம சபையில் விடாமல் பேசியதன் பேரில், கொட்டிய கிராவலை மறு கோடையில் அள்ளினோம். வண்டிகள் இப்போது ஊர் எல்லையிலுள்ள பழைய களத்துமேட்டில் நிற்கின்றன. பயணிகள் கால் மைல் தொலைவு நடக்கிறார்கள்; நடக்கும் வழியில் கொட்டான் முடையும் பெண்களிடம் நின்று விலை பேசுகிறார்கள். இந்த லாபத்தை நாம் திட்டமிட்டதாகச் சொன்னால் பொய்யாகும்.

எத்தனை பேர் வரலாம் என்ற கேள்வியும் இதனோடு சேர்ந்ததே. நீலகிரியில், சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே மாதம் முதல் இ-பாஸ் முறை வந்தது. 2025-ஆம் ஆண்டுக் கோடையில் வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று அளவும் விதிக்கப்பட்டது. அளவு கடந்த பின்னர் நீதிமன்றம் வந்து கோடு கிழிக்க வேண்டியதாயிற்று. நம் ஊர்களுக்கு அந்த நெருக்கடி இன்னும் வரவில்லை. கோட்டை நாமே கிழித்துக்கொள்ள அவகாசம் இருக்கிறது.

வருவாயைப் பற்றி இரண்டொரு வார்த்தை. காலையில் வந்து, வீட்டைப் பார்த்து, நகரத்து விடுதியில் உண்டு, மாலையில் திரும்பும் பயணி ஊருக்கு விட்டுச் செல்வது பெரும்பாலும் தண்ணீர்ப் புட்டிகளே. அவர் ஒரு வேளை உணவை மகளிர் குழுவின் கையால் உண்டால், கண்ணாடித் தட்டின்மேல் வண்ணச் சாந்தை ஊற்றி ஆத்தங்குடிப் பூக்கல் வார்க்கும் தொழிலாளியிடம் அரைமணி நேரம் நின்றால், 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கிச் சேலையை நெய்தவரிடமே வாங்கினால், பணம் ஊரில் தங்கும். அயலூர் அச்சுத் துணியைக் கண்டாங்கி என்று விற்போரும் இருக்கிறார்கள். இக்கூட்டத்தில் அவ்வளவோடு நிறுத்திக்கொள்கிறோம்.

"சுற்றுலா எங்கள் அதிகாரத்தில் இல்லையே" என்று செயலர்களில் சிலர் கேட்கிறீர்கள். உண்மைதான். ஊராட்சிகளுக்கென அரசியலமைப்பின் பதினொன்றாம் அட்டவணையில் 29 பொருள்கள் உள்ளன. சுற்றுலா என்ற சொல் அதில் இல்லை. ஆனால் குடிநீர் இருக்கிறது. சுகாதாரமும், சாலையும், குடிசைத் தொழிலும், சந்தையும் விழாவும், சமுதாயச் சொத்துகளின் பராமரிப்பும் இருக்கின்றன. பயணி ஒருவர் நம் ஊரில் காண்பதும் மிதிப்பதும் குடிப்பதும் பெரும்பாலும் இவற்றுள் அடங்கிவிடுகின்றன. கொள்கை டெல்லியில் எழுதப்பட்டாலும், அது வெல்வதும் தோற்பதும் உங்கள் பதிவேட்டில்தான்.

ஆகவே வழிகாட்டிப் பலகைக்கும் மின்விளக்கிற்கும் மதிப்பீடு அனுப்புவதற்கு முன்பாக, ஒவ்வோர் ஊரிலும் செயலரும் குழுவினரும் முதியவர் ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு, ஊருணியின் வரத்துக்காலைத் தொடக்கம் முதல் இறுதி வரை நடந்து பார்க்க வேண்டுகிறோம். அடைபட்ட இடங்களைக் கிராம வரைபடத்தில் குறித்து, அக்டோபர் 2-ஆம் நாள் கிராம சபையில் படித்துக் காட்டுங்கள். வரைபடப் பிரதிகள் வாயிலருகே மேசைமேல் இருக்கின்றன. போகும்போது கையொப்பமிட்டுப் பெற்றுக்கொள்ளலாம். நாமும் இம்முறை விரித்துப் பார்த்துவிட்டே வந்திருக்கிறோம்.