ஆறிய தழும்பும் ஆறாத பிடிப்பும்



"தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும்" என்பது நம் பாட்டிமார் சொல்லும் பழமொழி. அதன் பொருளை நாங்கள் எங்கள் வீட்டிலேயே கற்றுக்கொள்ள மூன்று ஆண்டுகள் பிடித்தன. அந்தக் கதையோடு இன்றைய உரையைத் தொடங்குகிறோம்.

எங்கள் அக்காள் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குபவர். உடல் எடை 118 கிலோவுக்கு ஏறியிருந்தது. இனிப்பு நீர், இரத்த அழுத்தம், முழங்கால் வலி மூன்றும் சேர்ந்து அவரைப் படுத்தின. பட்டணத்துப் பெரிய மருத்துவமனையில் 2016-ஆம் ஆண்டில் அவருக்கு எடைக் குறைப்பு அறுவைச் சிகிச்சை செய்தார்கள். ஒன்றரை ஆண்டில் 40 கிலோ குறைந்தது. இனிப்பு நீருக்கான ஊசியும் நின்றது. தோட்டமே வியந்தது; நாங்களும் மகிழ்ந்தோம்.

ஆனால் 2018-இல் புதிதாக ஒரு தொல்லை வந்தது. தொப்புளுக்கு வலப்புறம், இரண்டு விரற்கடை தள்ளி, வயிற்றுத் தசை திடீரென்று கல்லைப் போல் இறுகிப் பிடித்துக்கொள்ளும். படுக்கையிலிருந்து எழும்போது பிடிக்கும், பழச்சாக்கைத் தூக்கும்போது பிடிக்கும், இருமினாலும் பிடிக்கும். சில நிமிடத்தில் விட்டுவிடும். சில நாள் அரைமணி நேரம் கூட விடாது. "அறுத்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது. தழும்பும் ஆறிவிட்டது. இன்னும் என்ன வலி?" என்று நாங்களே கேட்டோம். வேலைக்குப் போக மனமில்லாமல் சொல்கிறாரோ என்றும் எண்ணினோம். ஓரிடத்தில் வாயு மருந்து கொடுத்தார்கள். மாதக்கணக்கில் குடித்தும் பயனில்லை. அதன் பிறகு அக்காள் வலியைச் சொல்வதையே நிறுத்திவிட்டார். சேலைத் துணியை வயிற்றில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, இருட்டு விலகாத நேரத்தில் பெரட்டுக்குப் போய்வந்தார். அவர் வலியை நம்பாத குற்றம் எங்களுடையது. அதை இன்று உங்கள் முன் ஒப்புக்கொள்கிறோம்.

நேயர்களே, இத்தகைய வலி ஏன் வருகிறது என்று முதலில் பார்ப்போம்.

எடைக் குறைப்பு அறுவைச் சிகிச்சை பெரும்பாலும் இரண்டு வகையாகச் செய்யப்படுகிறது. ஒன்றில், இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, எஞ்சியதை ஒரு நீண்ட குழாய்போல் அமைப்பார்கள். மற்றொன்றுக்குப் பைபாஸ் என்று பெயர். பைபாஸ் என்றால் நெஞ்சுக்குச் செய்வதுதான் என்று நினைக்கிறோம். இது வயிற்றுக்குச் செய்வது. இரைப்பையின் மேற்பகுதியில் கோழிமுட்டையை விடச் சிறியதாக ஒரு பையைப் பிரித்து, அதனுடன் சிறுகுடலை நேராக இணைத்துவிடுவார்கள். அமெரிக்காவில் மேசன் என்ற மருத்துவர் 1966-ஆம் ஆண்டில் முதன்முதலாகச் செய்த சிகிச்சையிலிருந்து வளர்ந்தது இது. இப்பொழுது வயிற்றைப் பெரிதாகக் கிழிப்பதில்லை. ஐந்தாறு சிறு துளைகள் வழியாகவே கருவிகளைச் செலுத்திச் செய்கிறார்கள். அக்காளுக்குச் செய்தது பைபாஸ்.

துளை சிறியதுதான். ஆனால் அது தோலையும் தசையையும் கடந்துதான் உள்ளே போகிறது. இதை விளங்கிக்கொள்ள நமக்குப் பெரிய புத்தகம் வேண்டியதில்லை. ரப்பர் மரம் போதும். பால் வெட்டும் கத்தி பட்டையோடு நிற்காமல் ஆழமாக இறங்கிக் கட்டையைத் தொட்டுவிட்டால் என்ன ஆகிறது? புதுப்பட்டை வளரத்தான் செய்யும்; ஆனால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாக வளரும். மரம் சாகவில்லை, பாலும் தருகிறது; எனினும் அடுத்த முறை கத்தி அங்கே போகும்போது இடறுகிறது. நம் உடம்பும் அப்படித்தான். வெளியே தழும்பு ஆறி வெளுத்துவிட்டாலும், உள்ளே தசையோடு தசை இறுக ஒட்டி வளர்ந்திருக்கலாம். வயிற்றுத் தசையைத் துளைத்துக்கொண்டு தோலுக்கு வரும் மெல்லிய நரம்பு ஒன்று அந்த இடத்தில் நசுங்கி மாட்டிக்கொள்ளலாம். நரம்பு சினமடைந்தால் அதைச் சுற்றியுள்ள தசை தன்னைக் காத்துக்கொள்ள இறுகும். அந்த இறுக்கத்தால் வலி கூடும். வலி கூடினால் தசை மேலும் இறுகும்.

வேறு காரணங்களும் உண்டு. எடை விரைவாகக் குறையும்போது கொழுப்போடு தசையும் மெலிகிறது. சுண்ணாம்புச் சத்து, வைட்டமின் டி, பொட்டாசியம், மக்னீசியம் ஆகியவை குறைந்தாலும் தசை பிடிக்கும். வெயிலில் வியர்வை சிந்தி, போதிய தண்ணீர் குடிக்காதவர்க்கும் பிடிக்கும்.

2021-இல் ஒரு நாள், பள்ளி விடுமுறையில், அக்காளை நாங்களே மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். அங்கிருந்த மலாய்ப் பெண் மருத்துவர் அவரைக் "காக்" என்று அன்போடு அழைத்து, "எங்கே வலிக்கிறது? ஒரே விரலால் தொட்டுக் காட்டுங்கள்" என்றார். அக்காள் ஒரு ரிங்கிட் காசளவு இடத்தைச் சரியாகத் தொட்டார். மருத்துவர் அவரை மல்லாக்கப் படுக்கவைத்து, அந்த இடத்தை விரலால் அழுத்திக்கொண்டே, தலையையும் தோளையும் சற்றுத் தூக்கச் சொன்னார். வலி கூடியது. இந்தச் சோதனையைக் கார்னெட் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1926-இல் எழுதி வைத்தார். தசையை இறுக்கும்போது வலி கூடினால், அது பெரும்பாலும் வயிற்றுச் சுவரிலிருந்து வரும் வலி. குறைந்தால், உள்ளே இருக்கும் உறுப்பின் வலியாக இருக்கக்கூடும். அதன் பின் ஸ்கேன் எடுத்து, உள்ளே கேடு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, வலிக்கும் அதே இடத்தில் மரத்துப்போகும் ஊசி ஒன்று போட்டார்கள். சிறிது நேரத்தில் அக்காள் எழுந்து உட்கார்ந்தார். வலிக்கவில்லை என்று சொல்லி அழுதார். வலி நீங்கியதற்காக மட்டும் அவர் அழவில்லை. தான் சொன்னது பொய்யில்லை என்று தெரிந்ததே என்று அழுதார்.

பிடிப்பு அத்தோடு ஒழிந்துவிட்டதா என்றால், இல்லை. ஊசியை மறுமுறையும் போட வேண்டியிருந்தது. இன்றும் மாதத்தில் இரண்டொரு முறை பிடிக்கிறது. ஆனால் அதை வைத்துக்கொண்டு வாழும் முறையை அவர் கற்றுக்கொண்டார். அந்த முறைகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறோம்.

முதலாவது, பிடிப்பு வரும் நேரத்தில் செய்ய வேண்டியது. வேலையை நிறுத்தி, மல்லாக்கப் படுத்து, முழங்காலை மடக்கி அதன் கீழ் ஒரு தலையணையை வைக்க வேண்டும். வயிற்றுத் தசை அப்போது தளரும். மூக்கால் மெதுவாக மூச்சை இழுத்து, வயிறு எழும்பும்படி நிரப்பி, வாயால் அதைவிட மெதுவாக விட வேண்டும். வெந்நீர்ப் புட்டியைத் துவாலையில் சுற்றி, கால்மணி நேரம் வைக்கலாம். தழும்பைச் சுற்றி மரத்துப்போயிருந்தால் சூடு தெரியாது, தோல் வெந்துவிடும். ஆகையால் முதலில் புறங்கையில் வைத்துச் சூடு பார்க்க வேண்டும். எழும்போது நேராக எழாமல், ஒருக்களித்துத் திரும்பிக் கையை ஊன்றி எழ வேண்டும். இருமலோ தும்மலோ வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, வேலை. கனத்த சாக்கை ஒரே மூச்சில் தூக்காமல், இரண்டு பாதிச் சாக்காக்க வேண்டும். முழங்காலை மடக்கிக் குனிந்து, சுமையை உடம்போடு சேர்த்து, மூச்சை விட்டுக்கொண்டே தூக்க வேண்டும். இடுப்பைத் திருப்பிக்கொண்டு தூக்கக் கூடாது. மருத்துவரிடம் சீட்டு வாங்கி மண்டோரிடம் காட்டி, இலகுவான வேலை கேட்பதில் வெட்கம் எதற்கு? தினமும் நடக்க வேண்டும். வயிற்றுத் தசையை மெல்ல இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை உடற்பயிற்சி மருத்துவப் பிரிவில் கற்றுக்கொள்ளலாம்.

மூன்றாவது, உணவு. இந்த அறுவை செய்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக, நன்றாக மென்று, மீன், முட்டை, பருப்பு ஆகியவற்றை முதலில் சாப்பிட வேண்டும். தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிக்காமல், இடையிடையே மிடறு மிடறாக நாள் முழுதும் குடிக்க வேண்டும். கெட்டிப்பால் ஊற்றிய தேநீரும் இனிப்புப் பலகாரமும் இவர்களுக்குப் பகை. இனிப்பு விரைந்து குடலில் இறங்கி, அரைமணி நேரத்துக்குள் வயிற்றை முறுக்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும். மருத்துவமனையில் கொடுக்கும் சத்து மாத்திரைகளை ஆயுள் முழுதும் சாப்பிட வேண்டும். ஆண்டுக்கொரு முறையாவது இரத்தப் பரிசோதனையும் வேண்டும். "எடைதான் குறைந்துவிட்டதே" என்று இவற்றை விட்டுவிடுபவர்கள் பலர்.

நான்காவது, செய்யக் கூடாதவை. கடையில் கிடைக்கும் வலி மாத்திரையைக் கண்டபடி விழுங்கக் கூடாது. மாதவிலக்கு வலிக்கும் மூட்டு வலிக்கும் சாப்பிடும் மெஃபனாமிக் அமிலம், டைக்லோஃபெனாக், இபுபுரோஃபென் போன்றவை, பைபாஸ் செய்தவர்க்குக் குடலை இணைத்த இடத்தில் புண் உண்டாக்கலாம். புகைப்பதும் அவ்வாறே. மருத்துவர் சொன்ன அளவில் பாராசிட்டமோல் சாப்பிடலாம். குடலேற்றம் என்று சொல்லி எண்ணெய் போட்டு வயிற்றை அழுத்தி உருவவும் கூடாது. கோடாலித் தைலத்தை மேலாகத் தடவிக்கொண்டால் இதமாகத்தான் இருக்கும். ஆனால் தைலம் பூசிய இடத்தில் வெந்நீர்ப் புட்டி வைக்கக் கூடாது.

ஐந்தாவது, ஒரு பயிற்சிப் புத்தகம். நாங்கள் ஆசிரியர்கள் அல்லவா? புத்தகம் இல்லாமல் எங்களுக்கு எதுவும் ஆகாது! என்று பிடித்தது, எந்த இடத்தில், எத்தனை நிமிடம், அதற்குமுன் என்ன சாப்பிட்டார், என்ன தூக்கினார் என்று ஐந்து கோடு போட்டுக் கொடுத்தோம். அக்காளுக்கு எழுத வராத நாளில் ஆறாம் ஆண்டு படிக்கும் மகள் எழுதுவாள். இரண்டு மாதத்தில் தெளிவாகிவிட்டது: சாக்குத் தூக்கிய நாளும், தண்ணீர் குறைவாகக் குடித்த நாளுமே பிடிக்கும் நாள். மருத்துவர் அந்தப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துப் பாராட்டினார்.

நேயர்களே, இனிச் சொல்வதைக் கூர்ந்து கேளுங்கள். எல்லா வயிற்று வலியும் தசைப்பிடிப்பு அன்று. பைபாஸ் செய்தவர்க்கு எடை குறைந்தபின், உள்ளே ஏற்பட்ட இடைவெளியில் குடல் நுழைந்து மாட்டிக்கொள்வதுண்டு. இது பல ஆண்டு கழித்தும் வரலாம். கர்ப்ப காலத்திலும் வரலாம். முதலில் சாப்பிட்டபின் வந்து வந்து போகும். பிறகு ஒரு நாள் போகாமல் நின்றுவிடும். விரைவாக மெலிந்தவர்க்குப் பித்தப்பையில் கல்லும் உண்டாகலாம்.

ஆகவே, வழக்கமான பிடிப்பு போல் இல்லாமல் கடுமையாக வலித்தாலோ, ஓய்வெடுத்தும் விடாமல் வலித்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, வயிறு உப்பிக் காற்றும் மலமும் போகாவிட்டாலோ, தழும்பருகே எழுந்த கட்டி உள்ளே போகாமல் வலித்தாலோ, காய்ச்சல், மஞ்சட்கண், கறுத்த மலம், இரத்த வாந்தி, மயக்கம் ஆகியவற்றில் ஒன்று கண்டாலோ, விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 999-ஐ அழையுங்கள். செம்மண் பாதை நீளம் என்றால், யாருடைய வண்டியில் போவது என்பதை இன்றைக்கே பேசி வையுங்கள். மருத்துவமனையில் நுழைந்ததும் முதல் வார்த்தையாக, "எடை குறைக்க இரைப்பை அறுவை செய்திருக்கிறது" என்று சொல்லுங்கள். எந்த வகை, எந்த ஆண்டு என்று ஒரு தாளில் எழுதி அடையாள அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு வரி உயிரைக் காக்கும்.

நம் நாட்டில் 2023-ஆம் ஆண்டுச் சுகாதாரக் கணக்கெடுப்பின்படி, பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் அளவுக்கு மீறிய எடை உடையவர்கள். ஆகவே இந்தச் சிகிச்சை இனி நம் தோட்டத்து வீடுகளுக்கும் வரும். அதனால் பலருக்கு நன்மை உண்டு. அக்காளும், "மறுபடி கேட்டாலும் செய்துகொள்வேன்" என்றுதான் சொல்கிறார். ஆனால் மெலிந்த உடம்பைப் பார்த்து மகிழும் நாம், அந்த உடம்புக்குள் இருக்கும் வலியையும் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

உங்கள் வீட்டில் ஒருவர், "இன்னும் வலிக்கிறது" என்று சொன்னால், "இன்னுமா?" என்று கேட்காதீர்கள். "எங்கே?" என்று கேளுங்கள். எங்களுக்கு அந்த ஒரு சொல்லைக் கற்றுக்கொள்ள மூன்று ஆண்டு ஆயிற்று. உங்களுக்கு இன்றைய ஒரு மாலைப்பொழுது போதும் என்று நம்புகிறோம்.