பழைய வெள்ளிக்கு 85 காசு
(லாயாங் லாயாங் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



மத்திய பாங்கைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். “அது துரைமார் சமாச்சாரம், பால்மரம் வெட்டுகிறவனுக்கு எதற்கு?” என்று சிலர் எண்ணக்கூடும். 1967-ம் ஆண்டில் தகர டப்பாவில் பணம் சேர்த்து வைத்திருந்த ஏழைகளுக்கு அது எதற்கென்று நன்றாகத் தெரிந்தது. அந்தக் கதையையே சொல்லுகிறேன்.

வெள்ளைக்காரன் ஆட்சியில் நமக்கு மத்திய பாங்கு இல்லை. நோட்டு வெளியிட்டது கரன்சி போர்டு. லண்டனில் ஸ்டெர்லிங் பவுனைக் கட்டினால் இங்கே வெள்ளி கொடுக்கும். வெள்ளியைத் திருப்பினால் பவுன் கொடுக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. ஒரு வெள்ளிக்கு 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்பது 1906 முதல் இருந்த விலை. நாம் வெட்டிய பால் ஷீட்டாகிக் கப்பலேறியது. அது சம்பாதித்த பவுன் லண்டனில் இருந்தது. அதை ஈடாகக் கொண்ட நோட்டுத்தான் நமக்குச் சம்பளமாக வந்தது.

1959 ஜனவரி 26-ல் பாங்க் நெகாரா பிறந்தது. அது தன் சொந்த நோட்டை வெளியிட்டதோ 1967 ஜூன் 12-ல்தான். புது வெள்ளியும் பழைய வெள்ளியும் சரிக்குச் சரி என்று இரண்டும் கடைத்தெருவில் கலந்தே புழங்கின.

அந்த நவம்பர் 18-ல் பிரிட்டன் தன் பவுனின் மதிப்பை இறக்கியது. பழைய நோட்டுக்கு ஈடு பவுன் அல்லவா? அதுவும் கூடவே விழுந்தது. புது வெள்ளிக்குப் பொறுப்பு பாங்க் நெகாரா, அது இறங்கவில்லை. கிராணிமார்கள் இந்தக் கணக்கைக் குறித்துக்கொள்ளலாம். ஒரு பவுனுக்கு முன்பு 8 வெள்ளி 57 காசு. பிறகு புது வெள்ளியில் 7 வெள்ளி 35 காசு. பின்னதை முன்னதால் வகுத்தால் 85 காசு சொச்சம் வரும். பழைய வெள்ளி ஒன்றுக்கு 85 காசு என்று அரசாங்கம் அறிவித்தது. நூறு வெள்ளி வைத்திருந்தவனுக்குப் பதினைந்து வெள்ளி போயிற்று!

அதற்குள் புது நோட்டாக மாற்றிக்கொண்டவனுக்கு நட்டமில்லை. பாங்குப் படி ஏறாதவன்தான் அகப்பட்டுக்கொண்டான். பினாங்கில் நவம்பர் 24-ல் ஹர்த்தால் நடந்தது. அது கலகமாக முற்றி உயிர்ச்சேதமும் நேர்ந்தது. கணக்கில் பிழையில்லைதான். ஆனால் இரண்டும் சமம் என்று சொன்ன நாளிலேயே, பழைய நோட்டின் ஈடு வேறு, அதன் தலைவிதி லண்டனில் இருக்கிறது என்பதைத் தோட்டந்தோறும், அவரவர் பாஷையில் சொல்லியிருக்க வேண்டும். அது செய்யத்தக்க காரியம் என்பதே என் அபிப்பிராயம்.

இப்போதும் பாங்க் நெகாராவின் முடிவு லயத்து வீடு வரை வருகிறது. அதன் அடிப்படை வட்டி 2020 ஜூலையில் 1.75 சதவீதமாக இருந்தது. 2023 மே மாதத்தில் 3 சதவீதம் ஆயிற்று. மாறும் வட்டியில் வீட்டுக்கடன் எடுத்தவர்களுக்குத் தவணை ஏறியது அதனால்தான்; பாங்கு மானேஜரோடு சண்டை போட்டுப் பயனில்லை.

பாங்கு முறிந்தால் என்ன கதி என்று முன்வரிசையில் ஓர் அம்மா கேட்கிறார். நல்ல கேள்வி. அதற்கென்றே 2005-ல் வைப்புக் காப்புறுதிக் கழகம் அமைந்தது. 2011 முதல் ஒருவருக்கு ஒரு பாங்கில் 2,50,000 வெள்ளி வரை அது பாதுகாப்பளிக்கிறது. கூட்டுக் கட்டும் பணத்துக்கு இந்தப் பாதுகாப்புக் கிடையாது, அம்மா. கூட்டுப் பிடிப்பதையே 1971-ம் ஆண்டுச் சட்டம் தடுத்திருக்கிறது.

மற்றவர்களும் கேளுங்கள்.