பழைய டிரைவரிடம் பெயரைக் கேளுங்கள்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



பழைய கருவிகளைப் புதிய கணினி சுமக்க வேண்டுமா? இதுதான் இன்று எனக்குத் தரப்பட்ட கேள்வி. சுமக்கத்தான் வேண்டும் என்பேன். ஆனால், ஒரு நிபந்தனை உண்டு.

எங்கள் வீட்டுக் கணினி சில வாரங்களாக இரவில் உறங்க மறுத்தது. திரை அணைந்துவிடும், உள்ளே விசிறி மட்டும் விடிய விடியச் சுற்றிக்கொண்டிருக்கும். மின்சாரம் வீண். பழுது பார்ப்பவரிடம் கொண்டு போனேன். "பழைய சாமானை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு வேறு கணினி வாங்குங்கள்" என்றார். அவர் சொன்ன பழைய சாமான்களில் ஒன்று, விஎச்எஸ் நாடாக்களைக் கணினியில் ஏற்றும் சிறிய கருவி. என் அப்பாவின் குரல் அந்த நாடாக்களில்தான் இருக்கிறது. அதை எப்படித் தூக்கிப் போடுவது?

டிரைவர் என்றதும் லாரி ஓட்டுநரை நினைத்துவிடாதீர்கள். கருவிக்கும் கணினிக்கும் நடுவே நின்று மொழிபெயர்க்கும் மென்பொருளுக்கும் அதே பெயர்தான். நாடா ஓடிக்கொண்டிருக்கும்போது கணினி உறங்கினால் பதிவு அறுந்துபோகும். அதனால், 'வேலை நடக்கிறது, உறங்காதே' என்று டிரைவர் விண்டோசிடம் கேட்டுக்கொள்ளும்.

பழைய முறையில் இப்படிக் கேட்டாலே போதும். கேட்பது யார், எதற்காக என்று சொல்ல வேண்டியதில்லை. 2009இல் வந்த விண்டோஸ் 7 இதைத் திருத்தியது. புதிய முறையில் எழுதப்பட்ட டிரைவர், தான் யார் என்பதையும் காரணத்தையும் சொல்லிக் கேட்கலாம். அதற்காகப் பழைய முறையை மைக்ரோசாப்ட் நீக்கிவிடவில்லை. நீக்கியிருந்தால், தயாரிப்பாளர் கைவிட்ட கருவிகளுக்குப் புதிய டிரைவரை யார் எழுதித் தருவார்? அந்த முடிவை நான் பாராட்டுகிறேன்.

ஆனால் பாதி வேலை மிச்சம் இருக்கிறது. நிர்வாகி உரிமையோடு கட்டளைத் திரையைத் திறந்து, 'பவர்சிஎஃப்ஜி' என்று அடித்து, ஒரு சாய்கோட்டுடன் 'ரிக்குவெஸ்ட்ஸ்' என்று சேர்த்தால், கணினியை உறங்கவிடாதவர்களின் பட்டியல் வரும். என் பட்டியலில் வந்த பெயர், 'லெகசி கெர்னல் காலர்'. பழைய முறையில் யாரோ கேட்கிறார் என்று பொருள். அந்த 'யாரோ' யார்? அதற்குப் பதில் இல்லை!

கருவிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். நாடாக் கருவியைக் கழற்றியதும் அந்த வரி மறைந்தது. அன்றிரவு கணினி உறங்கியது. இப்போது தேவைப்படும்போது மட்டும் அதைச் செருகுகிறேன். புதுக் கணினி வாங்கவில்லை. நாடாக்களும் பிழைத்தன.

பெயரில்லாத இந்தக் கோரிக்கையைப் பொருட்படுத்தாதே என்று விண்டோசுக்குக் கட்டளையிடவும் வழி உண்டு. அது ஆபத்தான குறுக்குவழி. பழைய முறையில் கேட்கும் எல்லா டிரைவர்களின் வாயையும் அது ஒன்றாக அடைத்துவிடும். உண்மையாகவே பதிவு நடக்கும் வேளையிலும் கணினி உறங்கிவிடலாம்.

ஆக, என் நிபந்தனை இதுதான். பழைய விருந்தாளியை வாசலிலேயே நிறுத்தாதீர்கள். பெயரைக் குறித்துக்கொண்டு உள்ளே விடுங்கள். இயங்குதளம் எழுதுவோரே, பழைய டிரைவருக்குத் தன் பெயரைச் சொல்லத் தெரியாவிட்டால், அதன் சார்பில் நீங்கள் எழுதி வையுங்கள். பழுது பார்க்கும் நண்பர்களே, 'தூக்கிப் போடு' என்பதற்கு முன் அந்தப் பட்டியலை ஒருமுறை பாருங்கள். நீங்கள் போடச் சொல்லும் பொருளுக்குள் ஒரு குடும்பத்தின் குரல் இருக்கலாம்.