டைடல் பூங்கா நமக்கு எப்போது?
(நம் சங்கத்தின் பொங்கல் விழாவில் மூத்த உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

கோலப் போட்டி முடிவுக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று தெரியும். சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

நம் வாட்ஸ்அப் குழுவில் அடிக்கடி ஒரு கேள்வி வருகிறது. "விழுப்புரத்துக்கு மினி டைடல் பூங்கா வந்துவிட்டது, தஞ்சாவூருக்கும் சேலத்துக்கும் வந்துவிட்டது, நமக்கு எப்போது?" கேட்பது நியாயம்தான். நம் குடியிருப்பில் பிள்ளைகள் ஊரிலேயே வேலை பார்க்கும் வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்கள் பண்டிகைக்குத்தான் வருகிறார்கள். இன்று நாற்காலி பற்றாமல் போனதும் அதனால்தான்.

ஆனால் கட்டடம் வந்ததும் ஊர் மாறிவிடாது. ஓசூரைப் பாருங்கள். 1970களில் சிப்காட் வந்தபோது அது சின்ன ஊர். பெங்களூர் 40 கிலோமீட்டரில் இருந்தது பெரிய அதிர்ஷ்டம், அதை மறைக்க வேண்டாம். 1980இல் டிவிஎஸ் 50 அங்கிருந்துதான் வெளிவந்தது. அசோக் லேலண்டும் வந்தது. எனக்குப் பிடித்தது டைட்டன் கதை. டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984இல் தொடங்கிய நிறுவனம். கைக்கடிகாரம் செய்வது மயிரிழை பிசகாத வேலை. அதற்கு அவர்கள் எடுத்தது பள்ளிப் படிப்பு முடித்த சுற்றுவட்டாரப் பிள்ளைகளை. பயிற்சி கொடுத்து, தங்க இடம் கொடுத்து, அப்பா அம்மா ஸ்தானத்தில் இருந்து பார்த்துக்கொள்ளவும் ஆட்களை ஏற்பாடு செய்தார்கள். கை பழகிய அந்தத் தலைமுறைதான் ஓசூரின் முதல் சொத்து என்பேன். இன்று அதே பக்கத்தில் டாடா எலக்ட்ரானிக்ஸ் செல்போன் பாகங்கள் செய்கிறது, ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை பார்க்கிறார்கள். 2019இல் ஓசூர் மாநகராட்சி ஆனது. வாடகையும் டிராஃபிக்கும் கூடவே ஏறின, அது வேறு கதை.

"நம் பக்கத்தில் பெங்களூர் இல்லையே" என்பீர்கள். தென்காசிப் பக்கத்திலும் இல்லை. ஸோகோ 2011இல் மத்தளம்பாறை கிராமத்தில் அலுவலகம் தொடங்கியது. அங்கிருந்த குழு உருவாக்கிய மென்பொருள் இன்று உலகம் முழுக்க விற்கிறது. அந்த நிறுவனமும் பட்டத்துக்காகக் காத்திருக்கவில்லை. பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களுக்குச் சம்பளம் கொடுத்துச் சொல்லிக்கொடுத்தது.

இதெல்லாம் நமக்குப் புதிதா என்ன? 1956இல் என்.எல்.சி. உருவானபோது இந்தப் பகுதி முந்திரியும் மானாவாரியுமாக இருந்த பூமி. சோவியத் உதவியோடு 1962இல் அனல் மின் நிலையம் ஓடத் தொடங்கியது. சுரங்கத்தில் ஜெர்மன் ராட்சத இயந்திரங்கள். அந்தக் காலத்தில் இதைவிட உயர்ந்த தொழில்நுட்பம் நாட்டில் எத்தனை இடத்தில் இருந்தது? அதையெல்லாம் நம் ஊர்க்காரர்களும் கற்றுக்கொண்டு ஓட்டினார்கள். அந்த 600 மெகாவாட் முதல் நிலையம் 2020இல் மூடப்பட்டுவிட்டது. பழுப்பு நிலக்கரியும் என்றைக்கும் இருக்கப்போவதில்லை. மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் நடக்கும் வியாபாரத்தில் பெரும்பகுதி அந்தச் சம்பளத்தை நம்பித்தான் நடக்கிறது. நாம் வாங்கிய பிளாட்டின் விலையும் அப்படித்தான். இதை வெளிப்படையாகப் பேசத் தயங்குகிறோம்.

எனவே எனக்குத் தோன்றுவது இதுதான். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் இன்ஸ்ட்ருமென்டேஷன் பார்த்தவர்கள் இருக்கிறார்கள், ஹெச்.டி. மோட்டார் பார்த்தவர்கள் இருக்கிறார்கள், கன்வேயர் கன்ட்ரோல் ரூமில் முப்பது வருடம் இருந்தவர்கள் இருக்கிறார்கள். பணி ஓய்வுக்குப் பிறகு காலை நடைப்பயிற்சியோடு அந்த அறிவு நின்றுவிடுகிறது. இன்னொரு பக்கம் ஐ.டி.ஐ.யும் பாலிடெக்னிக்கும் முடித்த பிள்ளைகள் ஒரு பி.எல்.சி. பேனலைத் தொட்டுப் பார்க்காமலே இன்டர்வியூவுக்குப் போகிறார்கள்.

நம் தரைத்தள ஹால் வாரத்தில் ஐந்து நாள் மாலையில் பூட்டியே கிடக்கிறது. இரண்டு நாள் திறப்போம். ஒரு இன்வெர்ட்டர், ஒரு ஃபைபர் இணைப்பு, பழைய பேனல் ஒன்று போதும். வெளியூரில் ஐ.டி.யில் இருக்கும் நம் பிள்ளைகள் வாரம் ஒரு மணி நேரம் வீடியோவில் வரட்டும். பராமரிப்புக் கட்டணம் ஏறுமா என்று முன் வரிசையில் முணுமுணுப்பது கேட்கிறது. ஏறாது, நன்கொடையில் செய்வோம். நம் குடியிருப்புப் பிள்ளைகள் மட்டும்தானா என்றால், கூடாது. ஊர்ப் பிள்ளைகள் யார் வந்தாலும் சேர்க்க வேண்டும். இதில் கருத்து வேறுபாடு இருக்கும், அடுத்த கூட்டத்தில் பேசிக்கொள்வோம்.

சொல்லிக்கொடுக்கத் தயாராக இருப்பவர்கள் பிளாக் பிரதிநிதியிடம் பெயர் கொடுங்கள். பிப்ரவரி முதல் ஞாயிறு மாலை 5 மணிக்கு ஹாலில் கூடுவோம். சாவி செயலாளரிடம் இருக்கிறது.