தாளில் இருந்தது ஆள் பெயர்

பட்டம் பெறும் பிள்ளைகளே, இடம் கிடைக்காமல் பின்னால் நிற்கும் பெற்றோரே!

சினிமாப் பாட்டுக்கு நோட்ஸ் எழுதியே தலை நரைத்தவன் நான். அந்தத் தொழிலில் என் குரு, நேரில் பார்த்தேயிராத டியூக் எலிங்டன். 1899இல் வாஷிங்டனில் பிறந்த கறுப்பினக் கலைஞர். ஐம்பது வருஷம் போல ஒரு ஜாஸ் குழுவைக் கட்டி மேய்த்தவர். அவரைக் கேட்க, கல்லூரி விடுதியில் பரீட்சைக்கு முந்தின ராத்திரிகூட, வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவின் ஜாஸ் நிகழ்ச்சிக்காக ரேடியோக் குமிழைத் திருகிக்கொண்டிருப்பேன். மார்க் என்ன ஆயிற்று என்று பெற்றோர் முன்னிலையில் சொல்வதாக இல்லை.

1930இல் அவர் போட்ட பாட்டு ‘மூட் இண்டிகோ’. ட்ரம்பெட், ட்ராம்போன், கிளாரினெட் மூன்றும் சேர்ந்து வாசித்தால் கிளாரினெட் மேலேயும் ட்ராம்போன் அடியிலும் நிற்பதுதான் வழக்கம். இவர் கிளாரினெட்டை மந்தரத்துக்கு இறக்கி, வாயடைத்த ட்ராம்போனை ட்ரம்பெட்டுக்குப் பக்கத்தில் ஏற்றிவிட்டார். எது எந்த வாத்தியம் என்று காது திணறும்.

அவருடைய நோட்ஸ் தாள்களில் பல இடங்களில் வாத்தியத்தின் பெயர் இருக்காது, வாசிக்கிற ஆளின் பெயர்தான் இருக்கும். ட்ரிக்கி சாம் நாண்டன் என்று ஒருவர். கழிவுநீர்க் குழாய் அடைப்பெடுக்கிற ரப்பர் கிண்ணத்தை ட்ராம்போன் வாயில் வைத்து மூடித் திறந்து, அதை மனுஷன் மாதிரியே பேசவைப்பார். கூட்டி வில்லியம்ஸின் ட்ரம்பெட்டுக்கென்றே 1940இல் ‘கான்செர்ட்டோ ஃபார் கூட்டி’ பிறந்தது. 1927இல் பதினேழு வயதில் வந்த ஹாரி கார்னி, 1974இல் எலிங்டன் கண்மூடும்வரை குழுவை விட்டுப் போகவில்லை. 47 வருஷம்! இரண்டாம் உலகப் போருக்குப் பின் பெரிய ஜாஸ் குழுக்கள் பல கலைந்தன. எலிங்டன் தன் பாட்டுகளின் ராயல்டியைப் போட்டுச் சம்பளம் கொடுத்தார். எழுதியதை உடனே வாசித்துக் கேட்க ஆட்கள் வேண்டுமே.

இன்று கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானை அழுத்தினால் முப்பது வயலின் கேட்கிறது. செலவு மிச்சம்தான். ஆனால் அந்த முப்பதில் ஒன்றுகூட, “சார், இந்த இடத்தில் இப்படி வாசிக்கட்டுமா?” என்று என்னிடம் கேட்டதில்லை. நாளைக்கு உங்களுக்குக் கீழே பத்துப் பேர் வேலை செய்வார்கள். பதவியை வைத்து வேலை பிரிக்காதீர்கள், ஆளைப் பார்த்துக் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. 1965இல் எலிங்டனுக்குச் சிறப்பு விருது தரலாம் என்று புலிட்சர் பரிசின் நடுவர்கள் சொன்னார்கள், பரிசு வாரியம் மறுத்துவிட்டது. செத்து 25 வருஷம் கழித்து, 1999இல்தான் கொடுத்தார்கள். உங்களுக்குப் பட்டத்தை இன்றைக்கே கையில் தருகிறார்கள், வேந்தரும் காத்திருக்கிறார். வரிசையாக வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.