மறைநூலைக் கற்கும் முறை

 

கிறிஸ்தவர்கள் மறைநூலை எவ்வாறு அணுகிப் பொருள் காண வேண்டும் என்பது எனக்கு அளிக்கப்பட்ட தலைப்பு. நான் இறையியல் கற்றவன் அல்லன், பள்ளி ஆசிரியன். ஒரு நூலை எப்படிப் படிப்பது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது என் தொழில். அந்த உரிமையோடு பேசுகிறேன். பிற சமயத்தைச் சார்ந்த நம் உறவினர்களும் இந்த அவையில் இருக்கின்றனர். அவர்களுக்கும் இது அயலான பொருள் அன்று. எழுத்து மறுக்கப்பட்ட ஒரு சமுதாயம், எழுத்தைப் பெற்றபின் அதனை எவ்வாறு கையாள வேண்டும் என்பதே இதன் உட்பொருள்.

நம் ஊரிலிருந்தே தொடங்குவோம். மிஷன் வீதியிலுள்ள பேராலயத்தை மக்கள் இன்றும் சம்பா கோயில் என்றே வழங்குகின்றனர். சேசு சபையார் முன்பு கட்டியிருந்த ஆலயம் புனித பவுலின் பெயரால் அமைந்திருந்தது. பிரெஞ்சு மொழியில் வழங்கிய அப்பெயரே நம் மக்கள் நாவில் சம்பா ஆயிற்று என்பர். அந்த ஆலயத்தினுள்ளே, சேரியைச் சார்ந்த கிறிஸ்தவரையும் ஏனையோரையும் பிரித்து ஒரு சுவர் நின்றது. 1745-ஆம் ஆண்டில் நம் முன்னோர் மூத்த குருவிடம் சென்று முறையிட்டனர். ஆண்டவர் வேறுபாடு பாராட்டாதபோது அவருடைய ஆலயத்தில் மட்டும் வேறுபாடு எதற்கு என்பதே அம்முறையீட்டின் சாரம். குருவும் அது நியாயம் என்று ஏற்றுச் சுவரை இடிப்பித்தார். சாதிக் கிறிஸ்தவர்கள் அதனை எதிர்த்தனர். இவற்றையெல்லாம் எழுதி வைத்தவர் ஒரு கிறிஸ்தவர் அல்லர். நம் ஊர் ஆனந்தரங்கப் பிள்ளை. அவருடைய நாட்குறிப்பில் இச்செய்தி உள்ளது.

இளைஞர்களே, சற்று எண்ணிப் பாருங்கள். எபேசியர் திருமுகம் இரண்டாம் அதிகாரத்தில், பிரிந்து நின்ற இரு மக்களையும் கிறிஸ்து ஒன்றாக்கினார், இடையே நின்ற சுவரைத் தகர்த்தார் என்னும் கருத்து வருகிறது. பவுலின் பெயரைத் தாங்கும் திருமுகம் அது. பவுலின் பெயரைத் தாங்கிய ஆலயத்திலேயே சுவர் நின்றது! அச்சுவரை விரும்பியோருள் எழுத்தறிந்தோர் பலர் இருந்திருப்பர். முறையிட்டவர்களுள் எழுத்தறிந்தோர் எத்தனை பேர் இருந்திருக்க முடியும்? ஆயினும் மறைநூலின் பொருள் எவர் பக்கம் நின்றது? வாசித்தல் வேறு, பொருள் உணர்தல் வேறு என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. இன்று நம்மிடம் எழுத்து உண்டு. உணர்வும் உடன் வர நான்கு நெறிகளைக் கூற விரும்புகிறேன்.

முதலாவது, முழுமையாகப் படியுங்கள். 1807-ஆம் ஆண்டு லண்டன் நகரில் ஒரு விவிலியம் அச்சாயிற்று. மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த ஆப்பிரிக்க மக்களுக்கென்றே தொகுக்கப்பட்டது அது. எகிப்திலிருந்து இஸ்ரவேலர் விடுதலை பெற்ற வரலாறு அதில் இல்லை. அடிமை என்றும் உரிமைக்குடி என்றும் கிறிஸ்துவுக்குள் வேற்றுமை இல்லை என உணர்த்தும் கலாத்தியர் 3:28 இல்லை. அடிமைகள் தலைவருக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்னும் எபேசியர் 6:5 மட்டும் பத்திரமாக இருந்தது. நூலை அவர்கள் தடை செய்யவில்லை, கத்தரித்துக் கொடுத்தனர். தடை செய்வதினும் கொடியது இது. எவரேனும் ஒற்றை வசனத்தைக் காட்டி உங்களை அடங்கியிருக்கச் சொன்னால், அதன் முன்னும் பின்னும் இருப்பதைப் பாருங்கள். அதே அதிகாரம் ஒன்பதாம் வசனம் தலைவர்களை எச்சரிக்கிறது. ஒனேசிமுவை இனி அடிமையாக அன்று, சகோதரனாக ஏற்குமாறு பவுல் பிலமோனுக்கு எழுதிய திருமுகமும் அதே நூலில்தான் உள்ளது.

இரண்டாவது, காலமும் இடமும் அறிந்து படியுங்கள். மேலே சொன்ன சுவர் வெறும் உவமை என்று எண்ணுவோர் உண்டு. எருசலேம் ஆலயத்தில் வேற்றினத்தார் கடக்கலாகாத கல் தடுப்பு ஒன்று உண்மையாகவே இருந்தது. கடப்பவனுக்கு மரணம் என்று கிரேக்க மொழியில் எச்சரித்த கல்வெட்டு 1871-இல் கண்டெடுக்கப்பட்டது. கிரேக்கன் ஒருவனை உள்ளே அழைத்துச் சென்றதாகப் பழி சுமத்தித்தான் பவுலை மக்கள் பிடித்தனர் என்று திருத்தூதர் பணிகள் 21-ஆம் அதிகாரம் கூறும். இதனை அறிந்தபின் அந்தத் திருமுகத்தைப் படித்தால், எழுத்துக்குள் கல் விழும் ஓசை கேட்கும்.

மூன்றாவது, தாய்மொழியில், கூடியிருந்து படியுங்கள். தரங்கம்பாடியில் சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-இல் தமிழில் அச்சாகி முடிந்தது. விசுவாசிகள் அனைவரும் மறைநூலைப் படிக்க வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வலியுறுத்தியது. கத்தோலிக்கரும் பிற சபையாரும் இணைந்து உருவாக்கிய பொது மொழிபெயர்ப்பு 1995-இல் வெளிவந்தது. கதவு திறந்திருக்கிறது, நாம்தாம் உள்ளே செல்ல வேண்டும். எத்தியோப்பிய அதிகாரி தனித்திருந்து படித்தபோது பொருள் விளங்கவில்லை. பிலிப்பு அருகமர்ந்து விளக்கினார். அதே வேளையில், பெரோயா நகரத்தார் பவுல் சொன்னதைக்கூட அப்படியே ஏற்காமல் நாள்தோறும் மறைநூலோடு ஒப்பிட்டு ஆராய்ந்தனர். அவர்களை மறைநூல் பழிக்கவில்லை, பாராட்டுகிறது. கேட்கும் பணிவும் வேண்டும், ஆராயும் துணிவும் வேண்டும்.

நான்காவது, வாழ்வில் வைத்துச் சோதியுங்கள். சபைக்கு வந்த செல்வனுக்கு நல்ல இருக்கையும் ஏழைக்குக் காலடியும் காட்டுவோரை யாக்கோபு தம் திருமுகத்தில் கடிந்துரைக்கிறார். பிறர் நம்மை எங்கே அமர்த்தினர் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. நாம் பிறரை எங்கே அமர்த்துகிறோம் என்றும் கேட்டாக வேண்டும். மகனைக் கல்லூரிக்கு அனுப்பி மகளைப் பாதியில் நிறுத்தும் வீட்டில் ஒரு சுவர் நிற்கிறது. ஒரே தெருவில் பிறந்தோர் மதத்தின் பெயரால் ஒருவர் வீட்டுத் துயரத்துக்கு மற்றவர் போகாமல் இருப்பாராயின் அங்கும் ஒரு சுவர் நிற்கிறது. பதவி பெற்றபின் சேரியின் பக்கம் திரும்பாதவன் தானே ஒரு சுவராகிறான்.

சுவர் இருந்த அந்த ஆலயம் 1761-இல் ஆங்கிலேயரால் இடிபட்டது. இப்போதைய கோயில் 1791-இல் எழுந்தது. கட்டடம் மாறிற்று, பழக்கம் அவ்வளவு எளிதில் மாறவில்லை. தமிழகத்துக் கல்லறைத் தோட்டங்களில்கூடச் சாதிக்கொரு பகுதி வைத்த கொடுமையை நாடறியும். ஆகவே இடிக்க வேண்டியவை இன்னும் உள்ளன.

இவ்வெள்ளிவிழா ஆண்டில் கிறிஸ்தவ இளைஞர்கள் ஒவ்வொருவரும் நற்செய்தி நூல் ஒன்றையேனும் முதலிலிருந்து இறுதிவரை தம் கண்ணால் படித்து முடிக்க வேண்டுகிறேன். படித்ததை மாலை நேரத்தில் நால்வரோடு அமர்ந்து பேசுங்கள். எழுத்தறியாப் பெரியவர் ஒருவரையும் உடன் அமர்த்திக் கொள்ளுங்கள். நீங்கள் வாசிப்பீர்கள், பொருளை அவர் சொல்லக்கூடும். 1745-இல் அப்படித்தான் நடந்தது.