பியூஸா, பிரேக்கரா?



பகாவ் பக்கம் ஒரு தோட்ட வீடு. மாலை நேரம். ஒரே நீட்டிப்பு வயரில் கேத்தல், ரைஸ் குக்கர், இஸ்திரி, மின்சார அடுப்பு எல்லாம் ஓடுகின்றன. திடீரென்று எல்லாம் அணைந்துவிடுகிறது. பிளக்கைத் திறந்தால் 13 ஆம்பியர் பியூஸ் போயிருக்கிறது. கடையோ தூரம். சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி வைத்ததும் கேத்தல் மறுபடி கொதிக்கிறது. "இப்போதைக்கு" என்று வைத்த தாள் அங்கேயே தங்கிவிடுகிறது.

பியூஸ் காப்பது கேத்தலை அல்ல, வயரை. மின்னோட்டம் இரு மடங்கானால் வயரில் சூடு நான்கு மடங்காகும். தாள் உருகாது, பலகைச் சுவரோரம் வயர்தான் உருகும்.

தோட்டத்தின் மேலே பறக்கும் சிறு விமானத்திலும் இதே பிரச்சினைதான். பியூஸ் மலிவு, ஆனால் மாற்று பியூஸ் கையில் வேண்டும். அமெரிக்க விதிப்படி, பியூஸ் உள்ள விமானம் இரவில் பறக்க ஒரு முழு மாற்றுத் தொகுதி அல்லது வகைக்கு மூன்று இருக்க வேண்டும். பிரேக்கர் அப்படியல்ல, விரலால் அழுத்தினால் போதும். அந்த வசதியே ஆபத்தும் ஆகிறது.

2007 ஜூலை 10, புளோரிடாவின் சேன்ஃபோர்ட் நகரம். செஸ்னா 310 விமானம் ஒன்று நடுவானில் தீப்பற்றி வீடுகள் மேல் விழுந்தது. விமானத்தில் இருவர், தரையில் மூவர் மாண்டனர். முந்திய நாள் விமானி தீய்ந்த வாடையை உணர்ந்து, வானிலை ரேடாரின் பிரேக்கரை இழுத்துவிட்டு, பழுதை எழுதியும் வைத்திருந்தார். யாரும் பழுது பார்க்கவில்லை. மறுநாள் அந்த பிரேக்கர் மீண்டும் அழுத்தப்பட்டிருக்கலாம் என்றது விசாரணை.

அதன்பின் அமெரிக்க விமானத்துறை சொன்ன அறிவுரை இது: அவசியமற்ற கருவியின் பிரேக்கரைப் பறக்கும்போது தொடாதே, அவசியமானால் ஒரு நிமிடம் பொறு, புகையோ வாடையோ இல்லாவிட்டால் ஒரே ஒரு முறை அழுத்து. சொந்தமாக விமானம் கட்டுவோரில் சிலர், பறக்கும்போது கைக்கெட்டாத இடத்தில் பியூஸை வைப்பதே நல்லது என்கிறார்கள்.

ஆக, பியூஸா பிரேக்கரா என்பது இரண்டாவது கேள்வி. ஏன் போயிற்று என்பதே முதல் கேள்வி. வீட்டிலும் பிரேக்கர் விழுந்தால் பிளக்குகளைக் கழற்றுங்கள், மோந்து பாருங்கள், ஒரு முறைக்கு மேல் தள்ளாதீர்கள். பதிவு பெற்ற வயர்மேனை அழையுங்கள். தோட்ட வீடானால் நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுங்கள். 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டப்படி வீட்டைப் பழுதில்லாமல் வைப்பது முதலாளியின் கடமை. எழுதியதோடு விட்டுவிடாதீர்கள், சரிசெய்யும்வரை கேளுங்கள். சேன்ஃபோர்ட்டிலும் பழுது எழுதப்பட்டுத்தான் இருந்தது.